காருக்கு மரியாதை, லாரிக்கு காயலான் கடையா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பழைய லாரியை வீட்டிலேயே புதுப்பிக்க ஆசைப்படுவோர் படிக்க வேண்டிய விவரங்கள்

சென்னை,

"அண்ணே, இதை எடைக்குப் போடுறீங்களா?"

வீட்டுக் கொல்லையிலோ பக்கத்துக் காலி மனையிலோ பழைய லாரி ஒன்று நின்றால் போதும். காயலான் கடைக்காரர் வந்து இப்படித்தான் கேட்பார். அவருக்கு அது இரும்பு. கிலோ என்ன விலை என்பதுதான் அவர் கணக்கு.

ஆனால் அந்த வீட்டுக்காரருக்கு அது இரும்பு அல்ல. அப்பா ஓட்டிய வண்டி. அக்கா கல்யாணத்தை நடத்திய வண்டி. தம்பியைப் படிக்க வைத்த வண்டி. விற்க மனசு வராது. "என்ஜினைப் பிரித்துக் கட்டி, பெயிண்ட் அடித்து, பொங்கலுக்கு ஒரு தடவையாவது ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணும்" என்று ஆசை வரும்.

ஆசை இருக்கலாம். ஆனால் முடியுமா?

வேலை முடியும். அதுவும் இந்த மேற்குப் புறநகரில் மற்ற ஊர்களை விட சுலபமாகவே முடியும். முட்டுக்கட்டை வேறு இடத்தில் இருக்கிறது. அது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது!

எண்ணூரில் பிறந்தது

முதலில் லாரியின் ஜாதகத்தைப் பார்க்கலாம்.

1948-ம் ஆண்டு ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். அசோக் என்பது அவருடைய மகன் பெயர். எண்ணூரில் முதலில் பூட்டியது லாரி அல்ல. ஆஸ்டின் ஏ-40 கார்!

பிறகு இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனியுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1951-ல் காமெட் லாரிகள் எண்ணூரில் உருவாகத் தொடங்கின. 1955-ல் கம்பெனியின் பெயரே அசோக் லேலண்ட் ஆனது. தென்னிந்திய ரோடுகளில் அரிசி மூட்டை, சிமெண்ட், செங்கல், வாழைத்தார் எல்லாம் ஏறி வந்தது பெரும்பாலும் இந்தக் காமெட்டின் முதுகில்தான்.

இதற்குப் போட்டி, டாட்டா கம்பெனி 1954-ல் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்சுடன் சேர்ந்து கொண்டுவந்த லாரி. அந்த உறவு 1969-ல் முடிந்த பிறகும், கிராமத்து ஜனங்கள் வெகுகாலம் அதை "பென்ஸ் லாரி" என்றே கூப்பிட்டார்கள்.

இவை தவிர பெட்போர்டு, பார்கோ, டாட்ஜ் என்று பல வகை. அவற்றில் பல பெட்ரோலில் ஓடியவை. 1950-களில் அந்த பெட்ரோல் என்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, சென்னை சிம்சன் கம்பெனியின் பெர்கின்ஸ் பி-6 டீசல் என்ஜினை மாட்டிக்கொள்வது பெரிய நாகரிகமாக இருந்தது.

ஸ்டூல் போட்டு ஓட்டினார்கள்

இன்றைய இளைஞர்களுக்கு ஒரு விஷயம் ஆச்சரியமாக இருக்கும். அந்தக் காலத்தில் தொழிற்சாலையிலிருந்து முழு லாரி வெளியே வராது. என்ஜின், சேசிஸ், சக்கரம், ஸ்டியரிங், முன்பக்கத் தகடு - அவ்வளவுதான். டிரைவர் உட்காரக் கூட ஒழுங்கான சீட் இருக்காது.

ஒரு பலகையையோ ஸ்டூலையோ கட்டி, அதன் மேல் சாக்கைப் போட்டு, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் அந்த வெறும் சேசிசை ஓட்டிக்கொண்டு போவார்கள். நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களில் தச்சர்கள் மரச் சட்டம் அடித்து, தகடு போர்த்தி, கேபினும் பாடியும் கட்டித் தருவார்கள்.

இப்போது நிலைமை தலைகீழ். 2025 அக்டோபர் 1-ந் தேதி முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் என்ஜின் சூட்டில் கால் வெந்தபடி ராத்திரி முழுக்க ஓட்டிய டிரைவர்களின் கேபின் எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட, நாளைக்கு ஒரு வண்டி மிஞ்சுமா என்பது சந்தேகம்.

பாகங்கள் பக்கத்துத் தெருவில்

பழைய லாரியைப் புதுப்பிக்க நினைப்பவர் அம்பத்தூர் பக்கம் குடியிருந்தால் அதிர்ஷ்டசாலி. காரணம், அந்த லாரியின் உறுப்புகள் பல பிறந்ததே இந்த வட்டாரத்தில்தான்!

ஸ்டார்ட்டர் மோட்டாரும் டைனமோவும் பாடி லூக்காஸ் டி.வி.எஸ். தொழிற்சாலையில் செய்தவை. சக்கர ரிம், பாடி வீல்ஸ் இந்தியா. பிரேக் பாகங்கள், பாடி பிரேக்ஸ் இந்தியா. பிரேக் லைனிங், அம்பத்தூர் ராணே. பிஸ்டன், செம்பியம் இந்தியா பிஸ்டன்ஸ். டயர், அம்பத்தூர் டன்லப்.

டன்லப் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் "டன்லப்" என்று சொன்னால் அந்த பஸ் நிறுத்தத்தில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆவடிக்கும் தனிப் பெருமை உண்டு. இரண்டாவது உலகப் போரின்போது அது பெரிய ராணுவக் கிடங்கு. போர் முடிந்ததும் ராணுவம் ஏலம் விட்ட "டிஸ்போசல்" லாரிகள் நாடெங்கும் சரக்கு லாரிகளாகவும் பஸ்களாகவும் மறு அவதாரம் எடுத்தன. பிறகு ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-ல் இந்தியாவில் செய்த முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்துதான் வெளிவந்தது. அதன் வயிற்றில் இருந்ததும் லேலண்ட் என்ஜின்தான்!

இப்படிப்பட்ட ஊர்களில் லேத் பட்டறைக்குப் பஞ்சமா? கிராங்க் ஷாப்ட் கடைய, லைனர் இறக்க, புஷ் போட, பல்சக்கரம் வெட்ட, எஸ்டேட் பக்கம் போனால் கை தேர்ந்த ஆட்கள் உண்டு. புதிய உதிரி பாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பழைய பாகத்துக்கு புதுப்பேட்டை. எங்கும் கிடைக்காத பாகத்தை மாதிரி கொடுத்து செய்துகொள்ளலாம்.

எடுத்ததும் செல்ப் அடிக்காதே!

பல வருஷம் நின்றுபோன லாரியைப் பார்த்ததும் புது பேட்டரி மாட்டி செல்ப் அடிப்பதுதான் எல்லோரும் செய்கிற முதல் தப்பு.

உள்ளே துரு ஏறி பிஸ்டன் லைனரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். செல்ப் அடித்தால் பிஸ்டன் ரிங் உடையும், லைனரில் கோடு விழும், ஸ்டார்ட்டரும் எரியும்.

சரியான முறை இது. நாசில்களைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும். சில நாள் ஊற விட வேண்டும். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, பிளைவீல் பல்லில் கடப்பாரை கொடுத்து, இப்படியும் அப்படியும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும். அசைந்தால் பாதி கிணறு தாண்டியாயிற்று. அசையவில்லை என்றால் ஹெட்டைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும்.

பழைய ஆயில், கூலிங் தண்ணீர், டீசல் எல்லாவற்றையும் வடித்துவிட வேண்டும். ரேடியேட்டரை இறக்கி அடைப்பு நீக்க வேண்டும். ரப்பர் ஓஸ், பிரேக் ரப்பர் எல்லாம் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நம்பக் கூடாது. மாற்றிவிட வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டின்போது இன்னொரு எச்சரிக்கை. பம்ப் உள்ளே ராடு சிக்கிக்கொண்டால் டீசல் என்ஜின் தானாகவே ரேஸ் ஆகி, சாவியைத் திருப்பினாலும் நிற்காது. சிதறிப் போகும் வரை சுற்றும். அதனால் காற்று உள்ளே போகும் வாயை அடைக்க ஒரு தட்டையான பலகையுடன் ஒரு ஆள் தயாராக நிற்க வேண்டும். காற்று நின்றால் என்ஜின் நிற்கும். கையால் மட்டும் அடைக்கப் போகக் கூடாது.

உயிருக்கே உலை

வீட்டில் லாரி வேலை பார்ப்பது ஸ்கூட்டர் வேலை பார்ப்பது போல அல்ல. எமன் நாலு இடத்தில் காத்திருக்கிறான்.

ஒன்று, ஜாக்கி. ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. தூக்கியதும் சேசிசுக்கு அடியில் கனமான மரக்கட்டைகளை அடுக்கி, அதன் மேல் வண்டியை இறக்காமல், யாரும் அடியில் படுக்கக் கூடாது. மண் தரையாக இருந்தால் கீழே பலகை போட வேண்டும். இல்லாவிட்டால் மழை நாளில் ஜாக்கி சாயும்.

இரண்டு, டயர். பழைய லாரிகளின் 9.00-20 டயர் உட்காருவது லாக் ரிங் போட்ட ரிம்மில். துருப்பிடித்த ரிங் சரியாக உட்காராமல் காற்று அடித்தால், அழுத்தம் நூறு பவுண்டை நெருங்கும்போது ரிங் பீரங்கிக் குண்டு போலத் தெறிக்கும். தலையை எடுத்துவிடும். இந்த வேலையை இரும்புக் கூண்டு வைத்திருக்கும் டயர் கடையில்தான் செய்ய வேண்டும். வீட்டில் கூடவே கூடாது. காற்றிருக்கும் சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பும் காற்றை முழுக்க இறக்கிவிட வேண்டும்.

மூன்று, டீசல் டாங்க். பல வருஷம் காலியாகக் கிடந்த டாங்க்தானே என்று வெல்டிங் வைத்தால், உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். நன்றாகக் கழுவி, ஆவியைப் போக்காமல் நெருப்பு அருகில் போகக் கூடாது. தெரிந்த பட்டறையில் கொடுப்பதே மேல்.

நான்கு, பிரேக் டிரம் உள்ளே இருக்கும் தூசி. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஏர் பைப்பால் ஊதினால் நெஞ்சுக்குள் போகும். வருஷக்கணக்கில் கழித்து நுரையீரல் நோய் வரும். ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளை வேலை நடக்கும் இடத்துப் பக்கமே விடக் கூடாது.

அக்கம்பக்கத்தார் சண்டை

லாரி நிற்க இடம் வேண்டும். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. முன்பு முட்செடி முளைத்துக் கிடந்த மனைகளில் இன்று அடுக்கு மாடிகள். லாரியை நிறுத்த கொல்லை ஏது?

"ரோட்டு ஓரமா நிறுத்திக்கலாம்" என்று சிலர் நினைக்கிறார்கள். அது ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டம் 127-வது பிரிவின்படி, பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியை போலீசார் இழுத்துச் செல்ல உத்தரவிடலாம். அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தால் வண்டி போய்விடும்.

சத்தமும் ஒரு பிரச்சினை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று மத்திய அரசின் 2000-ம் ஆண்டு விதி சொல்கிறது. ராத்திரி சுத்தியல் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா?

வடித்த கழிவு ஆயிலை சாக்கடையில் ஊற்றுவது பெரிய குற்றம். அது அபாயகரக் கழிவு. இந்த வட்டாரத்தில் கால்வாய் எல்லாம் கடைசியில் ஏதாவது ஒரு ஏரிக்குத்தான் போகும். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி பட்ட பாடு போதாதா? ஆயிலை டின்னில் பிடித்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுக்க வேண்டும்.

ஆர்.சி. புத்தகம் எங்கே?

இனிமேல்தான் உண்மையான சிக்கல்.

லாரி என்பது சட்டப்படி "போக்குவரத்து வாகனம்". அதற்கு எப்.சி. என்கிற தகுதிச் சான்று இல்லை என்றால், 56-வது பிரிவின்படி அது செல்லுபடியாகும் பதிவு உள்ள வண்டியாகவே கருதப்படாது. ஆர்.சி. புத்தகம் பெட்டியில் பத்திரமாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதன் பிறகு வருஷா வருஷம் எப்.சி. காட்ட வேண்டும். 15 வயது தாண்டிய கனரக வண்டிக்கு எப்.சி. கட்டணம் 12,500 ரூபாய் என்று மத்திய அரசு உயர்த்தி, 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகும் மாற்றங்கள் வந்ததால், பணம் கட்டும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

சம்பாதிக்கிற லாரிக்கு இந்தச் செலவு சரி. பொங்கலுக்கு ஒரு நாள் ஸ்டார்ட் பண்ணி, மாலை போட்டு, தெருவைச் சுற்றி வர ஆசைப்படும் லாரிக்கும் இதே சட்டம்தான்!

வேறு கம்பெனி என்ஜினை மாட்டி ஒப்பேற்றலாம் என்றால், 52-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. சேசிஸ் நம்பர் உள்ள இடத்தில் துரு என்று கிரைண்டர் வைத்துவிட்டால் தொலைந்தது. திருட்டு வண்டி என்ற சந்தேகம் வரும். அந்த இடத்தை கையால் துடைத்து, எண்ணெய் தடவிப் பாதுகாக்க வேண்டும்.

காருக்கு மட்டும் சலுகை

2021 ஜூலையில் மத்திய அரசு புராதன வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய வண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் பழைய உருவத்திலேயே இருந்தால், "வி.ஏ." என்ற எழுத்துடன் தனி நம்பர் பிளேட் கிடைக்கும். புதிதாகப் பதிவு செய்ய 20 ஆயிரம் ரூபாய். பத்து வருஷம் செல்லும். மறுபதிவுக்கு 5 ஆயிரம். தினசரி ஓட்டக் கூடாது. வியாபாரத்துக்கு ஓட்டக் கூடாது. ஆனால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் கொண்டு போகலாம். டீசல் போடவும் பழுது பார்க்கவும் ரோட்டுக்கு எடுக்கலாம்.

அருமையான திட்டம் அல்லவா? ஆனால் ஒரு வரி கவிழ்த்துவிட்டது. இரண்டு சக்கர வண்டிக்கும், ஆட்களை ஏற்றும் சிறிய நாலு சக்கர வண்டிக்கும், அதாவது காருக்கும்தான் இந்த விதி. லாரி கிடையாது. பஸ் கிடையாது!

பணக்காரர் பங்களாவில் நிற்கும் 1960-ம் வருஷத்து கார் "புராதனம்". அதே வருஷத்தில் பிறந்து, அந்த பங்களாவுக்கே செங்கல் ஏற்றி வந்த லாரி "கழிவு". இது என்ன நியாயம்?

இதற்கு மேல் 2023 ஏப்ரல் 1 முதல் இன்னொரு விதியும் வந்தது. அரசுக்குச் சொந்தமான வண்டிகளுக்கு 15 வருஷத்துக்கு மேல் பதிவைப் புதுப்பிக்க மாட்டார்கள். அவை உடைப்பு மையத்துக்குப் போக வேண்டும். பழைய வண்டியின் புகையும் தேய்ந்த பிரேக்கும் ஆபத்து என்பதில் தப்பில்லை. ஆனால் போகிற கூட்டத்தில் அரிய வண்டி எது என்று எடுத்து வைக்க வேண்டாமா?

வெளியூரில் என்ன செய்கிறார்கள்?

நம் லாரியின் தாய்வீடு இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் உள்ள லேலண்ட் என்ற ஊர். அந்த ஊரிலேயே 1983-ல் லாரி, பஸ், தீயணைப்பு வண்டிகளுக்கென்று ஒரு அருங்காட்சியகம் திறந்துவிட்டார்கள்.

அந்த நாட்டில் பழைய சரக்கு வண்டிப் பிரியர்களுக்கு 1958-லேயே சங்கம் வந்துவிட்டது. 1962 முதல் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்கு பழைய லாரிகள் ஊர்வலமாகப் போகின்றன. சொந்தக் கொட்டகையில், சொந்தக் கையால் புதுப்பித்த வண்டிகள் அதில் நிறைய உண்டு.

நம் நாட்டிலும் ஒரு உதாரணம் உண்டு. டெல்லி தேசிய ரெயில் அருங்காட்சியகத்தில் 1914-ம் ஆண்டு ஜான் மாரிஸ் தீயணைப்பு வண்டி இருக்கிறது. நிஜாம் ரெயில்வேயில் வேலை செய்த கனமான வண்டி. அதைக் காட்சிக்கு மட்டும் வைக்கவில்லை. ஓடும் நிலையில் பராமரித்து, "ஸ்டேட்ஸ்மன்" பத்திரிகை நடத்தும் பழைய கார் ஊர்வலத்திலும் ஓட்டியிருக்கிறார்கள். நூறு வயது தாண்டிய வண்டி ஓடும் என்றால், எண்ணூர் லாரி ஓடாதா?

வழி பிறக்குமா?

ஆவடியில் பிறந்த விஜயந்தா டாங்கி ஓய்வு பெற்றதும் பல ஊர்களில் பீடத்தின் மேல் கம்பீரமாக நிற்கிறது. ரெயில் என்ஜினுக்கு பெரம்பூர் ஐ.சி.எப். அருகே அருங்காட்சியகம் இருக்கிறது. காருக்கு "வி.ஏ." பிளேட் இருக்கிறது. லாரிக்கு மட்டும் காயலான் கடை.

கேட்பது பெரிய காரியம் அல்ல. 2021-ம் ஆண்டு விதியில் லாரியையும் பஸ்சையும் சேர்க்க வேண்டும். சரக்கு ஏற்றக் கூடாது, தினமும் ஓட்டக் கூடாது, பிரேக் பரிசோதனை கட்டாயம் என்று எத்தனை நிபந்தனை வேண்டுமானாலும் போடட்டும். உடைப்பு மையத்துக்குப் போகும் அரசு வண்டிகளில் அரிய மாடலாக ஒன்று இருந்தால், அதை ஒரு ஐ.டி.ஐ.க்கோ பாலிடெக்னிக்குக்கோ கொடுக்கலாம். பையன்கள் தொழில் கற்றுக்கொண்ட மாதிரியும் இருக்கும். வண்டி பிழைத்த மாதிரியும் இருக்கும்.

அதுவரை, பழைய லாரி வைத்திருப்பவர்கள் மூன்று காரியம் செய்யலாம். ஆர்.சி. புத்தகத்தையும் பழைய ரசீதுகளையும் பத்திரப்படுத்த வேண்டும். வண்டியை ரோட்டில் விடாமல் சொந்த இடத்தில், மழை படாமல், கட்டை மேல் ஏற்றி நிறுத்த வேண்டும். எப்.சி., இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டுக்கு எடுக்கவே கூடாது. சொந்த மனைக்குள் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்து திருப்திப்பட வேண்டியதுதான்.

இரும்பை எந்த நாளும் எடைக்குப் போடலாம். உடைத்த பிறகு லாரியைத் திரும்பக் கொண்டுவர முடியாது. காயலான் கடைக்காரர் அடுத்த வாரமும் வருவார். அதற்கு முன்னால் சர்க்கார் கண் திறக்குமா?